மேனேஜருக்கு ஊசி போட்டாச்சு

மேனேஜருக்குச் சர்க்கரை என்று டாக்டரம்மா சொன்னதும் லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் வேறு யாருமில்லை, அவர் வீட்டுப் பூனை. வேலை வெட்டி எதுவும் பார்க்காமல், உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களை முறைக்கிற சாம்பல் நிறக் கடுவன். பெயர் வைத்தவள் அவர் மனைவி. அவளுக்கும் சர்க்கரைதான் இருந்தது. புருஷனுக்கு ஒன்றும் விட்டுவைக்காமல் பூனைக்குச் சொத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறாளே மகராசி என்று நினைத்தார், சிரித்தார், பாதிச் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நாளாகவே பூனை தண்ணீர்க் கிண்ணத்தைச் சளக் சளக் என்று நக்கிக் காலி செய்துவிட்டு, இன்னும் ஊற்று என்கிற மாதிரி நின்றது. எவ்வளவு போட்டாலும் தின்றது, தின்றும் இளைத்தது. அது ஒண்ணுக்குப் போகிற மண் தட்டைச் சுற்றி எறும்பு சாரை சாரையாக வந்தது. எறும்பைப் பார்த்த அன்று அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் இதே எறும்பு, இதே மாதிரி, மனைவிக்கு நோய் என்று தெரிவதற்கு முன்னால் குளியலறைக்கு வந்துகொண்டிருந்தது. அப்போதாவது பூனைக்கு உடம்பு சரியில்லை என்று தோன்ற வேண்டாமா? அதுதான் இல்லை. அவள் வந்துவிட்டாள் என்று தோன்றியது. எறும்பு மருந்து அடிக்கக்கூட மனசு வராமல் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

சிரிக்காதீர்கள். மனுஷன் ஒன்றும் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ரகம் இல்லை. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். லிஃப்ட் ஏறி இறங்குகிற கும்மிருட்டுக் குழிக்குள் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு இறங்குவார். பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு கதறுகிறவர்களுக்கு, "பயப்படாதீங்க, நான் மேலதான் இருக்கேன்" என்று குரல் கொடுப்பார். அப்படி ஒரு குழிக்குள் அவர் இருந்த மத்தியானத்தில்தான் மனைவி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு இப்படியும் வரும் என்றார்கள். பக்கத்தில் இருந்தது மேனேஜர் ஒருத்தன்தான்.

அதற்குப் பிறகு பூனை அந்த நாற்காலியின் இருக்கையில் உட்கார்ந்ததே கிடையாது. கைப்பிடி மேல் உட்காரும். உட்கார்ந்துகொண்டு, காலியான இருக்கைக்கு மேலே, ஒரு முகம் இருக்கக்கூடிய உயரத்தில், எதையோ பார்க்கும். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சாயும்போது மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும். பிரியமானவர்களைப் பார்த்தால் மட்டும் அது செய்கிற காரியம் அது. அவரைப் பார்த்து ஒருநாளும் செய்ததில்லை. அவர் கதவோரம் நின்று அந்த இடத்தையே உற்று உற்றுப் பார்ப்பார். ஒன்றும் தெரியாது. பரவாயில்லை, அதற்காவது தெரிகிறதே என்று இருப்பார். பூனை போய்விட்டால் அவளைப் பார்க்கிற கண்ணும் போய்விடும். அவருக்கு விஷயம் அவ்வளவுதான்.

அதனால் டாக்டரம்மா, ஆயுசுக்கும் ஊசி போடணும், முடியாதென்றால் வலி தெரியாமல் தூங்க வைத்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றபோது அவர் யோசிக்கவே இல்லை. போடறேன் என்றார். ஊசி என்றால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. மனைவி ஊசி எடுத்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள். அந்த ஆள்தான் மார்தட்டிக்கொண்டு சொன்னார்.

"நல்லா கேட்டுக்கோங்க," என்றார் டாக்டரம்மா. "முதல்ல சாப்பிடணும். சாப்பிட்டதக் கண்ணால பாத்த பிறகுதான் ஊசி. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போட்டோமா இல்லையான்னு சந்தேகமா இருந்தா போடாதீங்க. ஒரு வேளை தவறினா ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவ போட்டுட்டீங்கன்னா பூனை பொழைக்கறது கஷ்டம்."

விஷயத்தை மச்சினிக்குப் போனில் தட்டிவிட்டார், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவளிடமிருந்து பதில் வந்துவிட்டது. மச்சினி என்றால் மனைவியின் தங்கை. அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே தனியாக இருக்கிறாள், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. 'பாவம் அத்தான் அது. கஷ்டப்படுத்தாம விட்டுடலாமே. உங்களால முடியாது' என்று தட்டியிருந்தாள். முடியும் என்று இவரும் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, 'சரி. நீங்க வேலைக்குச் சீக்கிரம் போற அன்னைக்கு நான் போடறேன். அக்காவுக்கு எத்தனை தடவ போட்டுவிட்டிருக்கேன்' என்று பதில் வந்தது.

எல்லாம் தட்டுவதோடு சரி. அக்கா போன நாளிலிருந்து மச்சினி அவரிடம் வாய் திறந்து பேசியதே இல்லை. தன்னிடம் இருக்கிற சாவியால் திறந்துகொண்டு வந்து சாப்பாட்டை அடுப்படியில் வைப்பாள், துணியை மடித்து வைப்பாள், கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள், போய்விடுவாள். மற்றவர்களிடம் வாயாடுகிறாள், இவர் தலை தெரிந்தால் கப்சிப் என்று அடங்கிவிடுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே அவரிடம் சொல்லியிருந்தார்கள். கோபம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அக்கா தனியாக உயிரை விடும்போது இந்த ஆள் எங்கேயோ கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தானே என்கிற கோபம். அவளைக் குறை சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை.

முதல் ஊசி போட்ட கூத்தைச் சொன்னால் நாள் போய்விடும். குப்பியைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். உருட்டினார். ஊசியைச் செருகி எறும்புத் தலையளவு மருந்தை இழுத்தார். கையும் ஊசியும் தனித்தனியாக ஆடின. பூனையின் கழுத்துக்குப் பின்னால் தோலைச் சின்னக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்துக் குத்தினார். மருந்து பூனையின் மயிரை நனைத்துக்கொண்டு மறுபக்கம் சொட்டியது. மேனேஜர் திரும்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வேலையை விட்டே தூக்கிவிடுகிற பார்வை. சொட்டினால் சொட்டினதுதான், மறுபடி போடாதீர்கள் என்று டாக்டரம்மா போனில் சொல்லிவிட்டார். இவர் தரையில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கை பழகிவிட்டது. கூடவே இன்னொன்றும் பழகிவிட்டது. மனைவி இருந்த காலத்தில் அவர் குளியலறைக்குள்ளிருந்து, "போட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார். அவள் வெளியிலிருந்து, "போட்டாச்சு" என்பாள். அதற்குப் பிறகுதான் வெளியே வருவார். வருஷக்கணக்காக நடந்த பேச்சு அது. இப்போது குளிர்பதனப் பெட்டியில் மறுபடியும் அதே மாதிரி குப்பி, வீட்டில் மறுபடியும் அதே மருந்து வாடை. அந்த வாடையோடு பழைய பேச்சும் திரும்பி வந்துவிட்டது. பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். தலையைத் துவட்டிக்கொண்டே, யாரும் இல்லாத வீட்டைப் பார்த்து, "போட்டாச்சா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பதில் வராது. வெளியே வந்து, பூனை தின்று முடித்துவிட்டதா என்று பார்த்து ஊசியைப் போடுவார். வெளியே சொன்னால் மானம் போகிற விஷயம். ஆனால் அந்த நிற்கிற நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவர் காலையில் எழுந்தார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம், நாளைக் காலையில் சீக்கிரமே ஒரு வேலை இருக்கிறது என்று மச்சினிக்குச் செய்தி அனுப்பினார். விடிந்ததும் அந்தக் கட்டடத்துக்காரர் கூப்பிட்டு, மத்தியானம் வந்தால் போதும் என்றார். அதை மச்சினிக்குச் சொல்ல இவருக்கு மறந்துவிட்டது. வழக்கம்போலப் பூனைக்குச் சாப்பாடு வைத்தார். குளிக்கப் போனார்.

துவட்டிக்கொண்டே கேட்டார். "போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றது வெளியே ஒரு குரல்.

அவள் குரல். 'டா'வைக் கொஞ்சம் இழுத்து, 'போதும், வெளிய வாங்க' என்கிற அலுப்போடு, அவளேதான். லிஃப்ட்காரர் துண்டைக் கீழே விட்டார். குழாயைப் பிடித்துக்கொண்டார். பயம் இல்லை என்று சொன்னால் பொய், உடம்பெல்லாம் உதறியது. ஆனால் அந்த உதறலுக்குள்ளேயே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. என்னை விட்டுப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறாள், கேட்டால் சொல்கிறாள். கதவைத் திறந்தால் போய்விடுவாளோ என்று திறக்காமலே நின்றார். கடைசியில் திறந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது. பூனை நாற்காலிக் கைப்பிடியில் உட்கார்ந்து, காலியான இருக்கையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் கடமை ஞாபகம் வந்தது. கிண்ணம் காலியாக இருந்தது, பூனை தின்றுவிட்டது. குப்பியை எடுத்து உருட்டினார், மருந்தை இழுத்தார், கூடாரம் பிடித்தார், போட்டார். சந்தேகம் இருந்தால் போடாதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாரே என்று கேட்பீர்கள். அவருக்குச் சந்தேகமே இல்லை. செத்துப்போனவள் ஊசி போடுவாளா என்ன? அவள் குரல் கொடுப்பாள், ஊசியை இவர்தான் போட வேண்டும். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. இவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் ஊசி அவ்வளவு சுத்தமாக இறங்கியது.

வெயில் ஏறின நேரம். இவர் வேலைப் பையில் சாவிகளையும் ஸ்பானர்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார். பூனை கைப்பிடியிலிருந்து இறங்கியது. இறங்கியது என்ன, விழுந்தது. எழுந்து நடக்கப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் குடிகாரன் கால் மாதிரிப் பின்னிக்கொண்டன. சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயோரம் எச்சில் ஒழுக, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

சர்க்கரை இறங்கிவிட்டது. மனைவிக்கு ஒரு தடவை இப்படி ஆகிப் பார்த்திருக்கிறார். சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து விரலில் தொட்டு ஈறில் தடவினார். போட்டது சரியான அளவுதானே, தின்றதே, ஏன் இப்படி என்று மண்டை குழம்பியது. ஸ்பானர்களைத் தரையில் கொட்டிவிட்டு வேலைப் பைக்குள் ஒரு துண்டைப் போட்டுப் பூனையைப் படுக்கவைத்தார், சர்க்கரைக் கிண்ணத்தை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட்காரர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் எந்தக் காலத்தில் வேலை செய்திருக்கிறது? படியில் ஓடினார். மச்சினி வீட்டுக் கதவைக் காலால் உதைத்தார். அவள் கடைக்குக் கிளம்புகிற நேரம், தோளில் பையோடு திறந்தாள்.

"மேனேஜர் விழுந்துட்டான். காலைல ஊசி போட்டேன், என்னமோ ஆயிடுச்சு."

மச்சினி முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"நீங்க போட்டீங்களா? நான்தான் போட்டாச்சுன்னு சொன்னேனே, அத்தான்."

படிக்கட்டில் அந்தக் குரல் எதிரொலித்தது. அதே குரல். அதே இழுப்பு. ஆனால் அது இவள் வாயிலிருந்து வந்தது. வாய் அசைவதை அவர் கண்ணால் பார்த்தார். பூனைக்கு என்ன ஆயிற்று என்பதும், தனக்கு என்ன ஆயிற்று என்பதும் ஒரே நேரத்தில் புரிந்தது. மருந்து இரண்டு தடவை போயிருக்கிறது. காலையில் வந்தவள் அவள் இல்லை. அவர் படியிலேயே உட்கார்ந்துவிடப் பார்த்தார். மச்சினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள், பையை வாங்கிக்கொண்டாள், முன்னால் ஓடினாள்.

வாடகை வண்டியில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஈறில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவிக்கொண்டே இருந்தாள். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைகள், மனிதர்கள், ஒரு பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் போயின. கடைசியில் கேட்டார். "காலைல வீட்டுக்குள்ள இருந்தது நீயா?"

அவள் தலையை ஆட்டினாள். பழக்கதோஷம். பிறகு இனிமேல் என்ன என்று நினைத்தாளோ என்னவோ, வாய் திறந்தாள். நீங்கள் போய்விட்டீர்கள் என்று நினைத்து வந்தேன், பூனை தின்று முடித்திருந்தது, ஊசியைப் போட்டேன், உள்ளேயிருந்து நீங்கள் கேட்டதும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் உறைத்தது, ஓடி வந்துவிட்டேன் என்றாள்.

"எதுக்கு ஓடின?"

"என் குரல் அக்கா குரல் மாதிரி இருக்கும். போன்ல எத்தனை தடவ எங்கிட்ட, என்னடி சமையல்னு கேட்டிருக்கீங்க. நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரிப்போம்." அவள் பூனையைப் பார்த்தபடியே பேசினாள். "அக்காவ எடுத்துட்டுப் போன அன்னைக்கு நான் தண்ணி குடிங்கன்னு சொன்னேன். நீங்க நிமிந்து பாத்தீங்க. அந்த மூஞ்சிய என்னால மறுபடி பாக்க முடியாது, அத்தான். அதான் உங்க எதிர்ல பேசறதில்லன்னு வெச்சுக்கிட்டேன்."

"நீ என் மேல கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"கோவமா? எதுக்கு?"

இத்தனை நாளாக இந்தப் பெண் தன் நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு சோறு கொண்டுவந்து வைத்திருக்கிறாள், நான் அதைக் கோபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்: அவள் பேசியிருக்கவே வேண்டாம் என்றும் இருந்தது. காலையில் கிடைத்ததை மத்தியானத்துக்குள் பிடுங்கிக்கொண்டார்களே என்று இருந்தது.

"உங்கக்கா சொன்னான்னு நெனச்சேன்," என்றார். "அதனாலதான் மறுபடி போட்டேன்."

மச்சினி விரலை மறுபடி சர்க்கரைத் தண்ணீரில் தொட்டாள். ஓட்டுநர் பாட்டை அணைத்தார்.

டாக்டரம்மா திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. பூனையின் முன்னங்காலில் மயிரைச் சிரைத்து ஊசி ஏற்றி, குளுக்கோஸை இறக்கினார். இழுப்பு நின்றது. ஆனால் பூனை கண் திறக்கவில்லை. எஃகு மேஜை மேல் துவைத்துப் போட்ட துணி மாதிரிக் கிடந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, மூளைதான் விழிக்க வேண்டும், தெரிந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

லிஃப்ட்காரர் குனிந்து கூப்பிட்டார். மேனேஜரே என்றார், டேய் என்றார், ராஜா என்றார், வாழ்நாளில் அதனிடம் சொல்லாத செல்லமெல்லாம் சொன்னார். ஒரு மீசை மயிர் அசையவில்லை. லிஃப்ட் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்கிறதையே சொன்னார், பயப்படாதே, நான் மேலேதான் இருக்கிறேன் என்று. அவர் குரலுக்கு அது என்றைக்கு எழுந்து வந்திருக்கிறது? சாப்பாடு போட்ட கை மட்டும்தான் அவர்.

நிமிர்ந்து மச்சினியைப் பார்த்தார். "நீ கூப்பிடு. அவ கூப்பிடற மாதிரி."

"வேணாம் அத்தான்."

"கூப்பிடு."

"நீங்க தாங்க மாட்டீங்க."

"நான் தாங்கறேன். அவன் பொழைக்கணும்."

மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜை மேல் குனிந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அக்கா காலை நேரத்தில் ஜன்னலைத் திறந்துகொண்டே கூப்பிடுகிற அந்தக் கேலிக் குரலில், "மேனேஜர் சார்" என்றாள். "என்ன சார், இன்னும் எந்திரிக்கலையா?"

லிஃப்ட்காரர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். தாங்குகிறேன் என்று சொன்னாரே தவிர, தாங்கவில்லை. அவள் உதடு அசைவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தும், இது இவள்தான் இவள்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தும், நெஞ்சு கேட்கவில்லை. அவளேதான் வந்து நிற்கிறாள் என்றது.

பூனையின் காது திரும்பியது. மச்சினி இன்னொரு தடவை கூப்பிட்டாள். கண் கொஞ்சம் திறந்தது, மூடியது, முழுசாகத் திறந்தது. தலையைத் தூக்க முடியாமல் தூக்கியது. மச்சினி சிரித்துக்கொண்டே அழுதாள். பூனை அவள் முகத்தை நன்றாகப் பார்த்தது. பிறகு அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த வாசலைப் பார்த்தது. குரல் கேட்டதே, ஆள் எங்கே என்கிற மாதிரி, கழுத்து நடுங்க நடுங்கப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இத்தனை நாளும் அந்த நாற்காலியில் அதற்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுவும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அவரும் வாசலைப் பார்த்தார். என்ன நினைத்தாளோ, மச்சினியும் திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாருடைய செருப்போ ஒரு ஜோடி கிடந்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மச்சினிதான் முதலில் இந்தப் பக்கம் திரும்பினாள். பூனையின் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல், யார் மாதிரியும் இல்லாமல் சொன்னாள்.

"அக்கா இல்லடா. செத்துப் போயிட்டா. நாங்கதான் இருக்கோம்."

பூனை வாசலை இன்னொரு தடவை பார்த்தது. பிறகு தலையை அவள் உள்ளங்கையில் இறக்கி வைத்துக்கொண்டது. லிஃப்ட்காரர்தான் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.